அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம்: கஷாயத்தையே தொடரலாமா, மாத்திரைக்கு மாறணுமா?

கோபி_செந்தில் | நவம்பர் 22, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம், இன்னும் அவரேதான் தண்ணீர் பாய்ச்சுகிறார். நான் சென்னையில் வேலை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. திருடனோ என்று எழுந்து போய்ப் பார்த்தால், அப்பா தென்னை மரத்தில் ஒரு கையை ஊன்றி, நெற்றியையும் அதிலேயே சாய்த்துக்கொண்டு நிற்கிறார். பத்து நிமிஷம் இருக்கும். சொட்டு சொட்டாகத்தான் போகிறது. அன்று இரவு மட்டும் அந்தத் தாழ்ப்பாள் ஐந்து தடவை திறந்தது.

அம்மாவிடம் கேட்டேன். இரண்டு வருஷமாக இப்படித்தானாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வருஷமாகக் கஷாயம் குடிக்கிறார். சிறுபீளையும் நெருஞ்சில் முள்ளும் சம அளவு இடித்து, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, காலையில் வெறும் வயிற்றில். "இதுலயே நல்லாத்தான் இருக்குது" என்பது அவர் பேச்சு.

வற்புறுத்தி ஈரோட்டுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். மூத்திரப் பைக்குக் கீழே குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி 58 கிராம். சிறுநீர் கழித்த பிறகும் பையில் 140 மி.லி. மிச்சம் நிற்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தச் சோதனை 2.9. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. டாக்டர் டாம்சுலோசினும் டுடாஸ்டெரைடும் சேர்ந்த மாத்திரை எழுதினார். வாங்கி வந்த அட்டை பிரிக்காமல் சாமி அலமாரியில் கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரோ, "அதைப் போட்டா ஆம்பளத்தனமே போயிரும், ஆயுசுக்கும் விட முடியாது" என்று சொல்லிவிட்டார். "ஏம்ப்பா, சாகற வரைக்கும் இத முழுங்கோணுமா?" என்று என்னைக் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. கஷாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_வாத்தியார் | நவம்பர் 22, இரவு 8.35

தம்பி செந்தில், உங்கள் அப்பா நெற்றியை மரத்தில் சாய்த்து நின்றதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. நானும் அப்படி நின்றவன்தான். எனக்கு மரத்துக்குப் பதில் பாத்ரூம் சுவர்.

வயது 73, பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் சா பால்மெட்டோ மாத்திரை அனுப்பினான். அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் குட்டையாக வளரும் ஒருவகைப் பனை, அதன் பழத்திலிருந்து எடுப்பது. இரண்டு வருஷம் தவறாமல் சாப்பிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் சொன்னேன், நம்பியே சொன்னேன். சில நாள் இரவில் இரண்டு தடவை எழுந்தேன், சில நாள் ஐந்து தடவை. இரண்டு தடவை எழுந்த நாளெல்லாம் மாத்திரையின் பலன் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து தடவை எழுந்த நாளுக்குக் குளிர், காபி, தர்பூசணி என்று ஒரு காரணம் கிடைத்தது.

அப்புறம் ஒரு மார்கழியில் சளி பிடித்தது. கடையில் கேட்டுச் சளி மாத்திரை வாங்கிப் போட்டேன், இரண்டு வேளை. மறுநாள் தென்காசியில் பேத்திக்குக் காதுகுத்து. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுக்குப் போனேன், வரவில்லை. நாலு மணிக்குப் போனேன், அப்போதும் வரவில்லை. மண்டபத்தில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வேட்டி முடிச்சு அடிவயிற்றில் கல்லாக அழுத்துகிறது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்று பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ஏழு மணிக்கு மேல் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. என் மருமகன் காரில் ஏற்றினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் கத்தினேன். ஐம்பது வருஷமாக என்னை யாரும் அப்படிக் கத்திப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்ட நர்ஸ் தங்கைக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. வெட்கப்பட எனக்குத் தெம்பில்லை. பையில் 950 மி.லி. இறங்கியது. வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சளி மாத்திரை ஏதாவது போட்டீங்களா ஐயா?" என்பதுதான். அந்த மாத்திரைகளில் குளோர்பெனிரமைன், ஃபினைல்எஃப்ரின் மாதிரி மருந்துகள் இருக்கும். ஒன்று மூத்திரப் பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும், இன்னொன்று பையின் கழுத்தை இறுக்கும். ஏற்கெனவே குறுகிய வழி, அன்று முழுசாக மூடிக்கொண்டது.

மூன்று நாள் டியூபோடு இருந்தேன். கூடவே டாம்சுலோசின் கொடுத்தார்கள். டியூபை எடுத்த அன்று காலை தானாகப் போனது. மாத்திரை பிடித்திருந்தால் டியூப் எடுத்ததும் தானாகப் போவதற்கு வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னார். இன்றுவரை டாம்சுலோசினும் ஃபினாஸ்டெரைடும் போய்க்கொண்டிருக்கின்றன.

உங்கள் அப்பா கஷாயத்தை விடுகிறாரோ இல்லையோ, வீட்டில் சளி மாத்திரை அட்டை இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

இயற்கையே_மருந்து | நவம்பர் 23, காலை 6.20

வாத்தியார் ஐயா பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் அவரைப் படுத்தியது சளி மாத்திரை, மூலிகை அல்ல. என் அப்பாவுக்கு 74 வயது. பூசணி விதை, காலையில் மூக்கிரட்டைக் கீரை, மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குறைவு. இவ்வளவுதான். ஏழு வருஷமாக ஓர் இரவுக்கு ஒரே ஒரு தடவைதான் எழுகிறார். அவருக்கும் டாம்சுலோசின் எழுதினார்கள். போட்ட மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றிக் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு முறியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரியவர்கள் மாத்திரைக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

குமரி_சித்த_மருத்துவர் | நவம்பர் 23, பிற்பகல் 2.05

நான் சித்த மருத்துவம் படித்துப் பதினாறு வருஷமாக நோயாளிகளைப் பார்க்கிறவள். நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி, மூக்கிரட்டை, மாவிலங்கப் பட்டை எல்லாம் நான் தினமும் கையாளுபவை. அதனால் இதை அக்கறையோடு சொல்கிறேன்.

நம் நூல்களில் நீரடைப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு என்று சொல்லப்படும் குறைகளுக்கு இந்த மூலிகைகள் பேசப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை சிறுநீரைப் பெருக்குபவை. கடுப்பு, எரிச்சல் இருப்பவருக்கு, சின்னக் கல் உள்ளவருக்கு நீர் பெருகினால் சுகம். புராஸ்டேட் வீக்கம் கணக்கு வேறு. மடை அடைத்துக் கிடக்கும்போது வாய்க்காலில் கூடுதல் தண்ணீர் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தோட்டக்காரரான உங்கள் அப்பாவுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். 140 மி.லி. தேங்கி நிற்கும் பைக்கு நீர்பெருக்கிக் கஷாயத்தைத் தினமும் கொடுத்துக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

என்னிடம் வருகிறவர்களில் புராஸ்டேட் சின்ன அளவில் பெருத்து, மிச்சம் நிற்காமல், தொந்தரவும் லேசாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்துக் கவனித்து வருகிறேன். அவர்களுக்கும் முதல் நாளே ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின், பிஎஸ்ஏ கேட்பேன். நாடி பார்த்து எவ்வளவோ சொல்லலாம். பையில் எத்தனை மி.லி. நிற்கிறது என்று நாடி சொல்லாது.

இன்னொன்று. லேபிளும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலப் பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகை சேர்ந்த மாத்திரை ஒன்றைப் புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். 2002இல் சோதித்துப் பார்த்தபோது அதில் ரத்தத்தை உறையாமல் செய்யும் வார்ஃபரின் கலந்திருந்தது, விற்பனையை நிறுத்தினார்கள். மூலிகை பாதுகாப்பானது என்று நாம் சொல்லும்போது, பொட்டலத்துக்குள் இருப்பது அந்த மூலிகை மட்டும்தான் என்பதற்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

திருச்சி_பார்மசிஸ்ட் | நவம்பர் 23, இரவு 10.50

கடை அடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். இருபது வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இந்த மாத்திரைக்கு வரும் பெரியவர்கள் கடையில் வேறு ஆள் இருந்தால் கேட்க மாட்டார்கள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, பிறகு சீட்டை மடித்து நீட்டுவார்கள். எதற்கு, எப்படிப் போடுவது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விடுவார்கள். மேலே நண்பர் சொன்ன மாதிரி தலைசுற்றி விழுவதெல்லாம் அந்த மௌனத்தில்தான் நடக்கிறது.

செந்தில், அப்பாவுக்கு எழுதியிருப்பது ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. இரண்டும் இரண்டு வேலை செய்பவை.

டாம்சுலோசின் புராஸ்டேட்டிலும் பையின் கழுத்திலும் இருக்கும் தசையைத் தளர்த்தும். இறுகின குழாயைத் தளர்த்திவிடுகிற வேலை. சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். வீக்கத்தைக் குறைக்காது. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், முக்கியமாக முதல் சில நாள். இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்தில் போட வேண்டும், தினமும் அதே வேளை. வெறும் வயிற்றில் போட்டால் சுற்றல் கூடும். ராத்திரி எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பிறகு எழ வேண்டும். இதை நான் சீட்டிலேயே பேனாவால் எழுதிக் கொடுப்பேன். விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிப் போவது சிலருக்கு நடக்கும். தீங்கில்லை, ஆனால் முன்கூட்டித் தெரியாதவர் பயந்துபோய் நிறுத்திவிடுவார். கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர் இந்த மருந்து சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கருவிழிப் படலம் தொளதொளவென்று ஆகிவிடும். 2005இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். முன்கூட்டித் தெரிந்தால் சமாளித்துவிடுவார்கள்.

டுடாஸ்டெரைடு வீக்கத்தையே குறைக்கும். இதற்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், அளவு சுமார் கால் பங்கு வரை குறையும். இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வலுவான ஹார்மோனாக மாற்றுவது அந்த என்சைம். ஜூலியான் இம்பரேட்டோ-மெக்கின்லி என்ற டாக்டர் அம்மா 1974இல் அதைப்பற்றி எழுதினார். அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த என்சைமைத் தடுத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் ஃபினாஸ்டெரைடு. 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டுடாஸ்டெரைடு அதன் தம்பி.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன பயம் முழுப்பொய் இல்லை. சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், மார்பகம் வலிக்கும். எல்லோருக்கும் வராது. வந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றலாம். 67 வயது ஆணுக்கு இதெல்லாம் பொருட்டில்லை என்று மகன்களும் டாக்டர்களும் நினைத்துக்கொள்வது தப்பு. அவரிடம் கேட்க வேண்டும்.

அப்புறம் பிஎஸ்ஏ. டுடாஸ்டெரைடு போட்டு ஆறு மாதத்தில் அந்த எண் பாதியாகும். உங்கள் அப்பாவுக்கு 2.9 என்றால் சுமார் 1.5க்கு வர வேண்டும். அப்போதும் 2.9தான் இருக்கிறது என்றால் அது ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம் ஆகாது. இரண்டால் பெருக்கி 5.8 என்று எடுத்துக்கொண்டு, ஏன் என்று டாக்டர் தேட வேண்டும். எப்போதிலிருந்து மருந்து சாப்பிடுகிறார் என்று தேதி குறித்து வையுங்கள். கர்ப்பமான பெண்கள் அந்தக் காப்ஸ்யூல் உடைந்து கசிந்தால் தொடக்கூடாது.

இனி சா பால்மெட்டோ. என் கடையிலும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 225 பேரை வைத்து ஒரு வருஷம் சோதித்தார்கள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோல் மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2006இல் முடிவு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லையோ என்று 369 பேருக்கு மூன்று மடங்குவரை கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள், 2011இல் வந்த முடிவும் அதேதான். கவனியுங்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொந்தரவு கொஞ்சம் குறைந்தது. வாத்தியார் ஐயா சொன்ன இரண்டு தடவை, ஐந்து தடவைக் கணக்கு இதுதான்.

ஆங்கில மருந்துக்கும் அதே சோதனை நடந்திருக்கிறது. 3,047 பேர், சராசரியாக நாலரை வருஷம், 2003இல் வெளிவந்தது. தளர்த்தும் மருந்தும் சுருக்கும் மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 66 சதவீதம் குறைந்தது. நீர் அடைத்துக்கொள்வதையும் ஆபரேஷனையும் தள்ளிப்போட்டதில் சுருக்கும் மருந்தின் பங்குதான் பெரிது. 58 கிராம் இருப்பவருக்கு டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதியதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோ_யாழ் | நவம்பர் 24, காலை 7.15

செந்தில் தம்பி, இங்கே கனடாவில் என் மாமனாருக்கு இதே பிரச்சினை. குடும்ப வைத்தியர் முதலில் ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்கள், முக்கவேண்டி இருக்கிறதா, முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு இருக்கிறதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து ஐந்து வரை, மொத்தம் 35. ஏழுக்குள் என்றால் லேசு, இருபதுக்கு மேல் என்றால் கடுமை. மாமா வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் பேனையால் வட்டமிட்டுக் கொடுத்தார். 23 வந்தது. நாங்கள் எல்லோரும் பத்துத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

பார்மசிஸ்ட் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில், ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு பிரித்த சா பால்மெட்டோ சாற்றை மட்டும், பாலுறவு சார்ந்த பக்கவிளைவுக்கு அஞ்சுகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. பலன் சிறியதாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிக் கொடுக்கவேண்டுமாம். கடைத் தட்டில் இருக்கும் எல்லாப் போத்தலும் அந்தச் சாறு இல்லை.

கோபி_செந்தில் | நவம்பர் 24, இரவு 9.40

எல்லோருக்கும் நன்றி. மடை அடைத்த வாய்க்கால் என்று போனில் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்படியா சொன்னாங்க" என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. அவற்றோடு இது சேருமா என்று கேட்க வேண்டும். இன்னொரு சந்தேகம். வலியே இல்லை என்கிறார். வலி இல்லாதவரை காத்திருக்கலாமா?

குடந்தை_மீனா | நவம்பர் 25, காலை 11.30

தம்பி, நான் இங்கே எழுதுவது இதுவே முதல் தடவை. கடைசியாகக் கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கும் வலி இல்லை. 64 வயதில் ராத்திரி படுக்கை ஈரமாக ஆரம்பித்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் தானே எழுந்து விரிப்பைத் துவைத்துக் காயப்போடுவார். எத்தனை நாள் அப்படி நடந்ததோ. நான் கேட்டபோது தண்ணீர் சொம்பு கவிழ்ந்துவிட்டது என்றார். நாட்டு மருந்துக் கடையில் சொல்லி ஒரு சூரணம் வாங்கினோம். நன்றாகப் போகிறதே, அடிக்கடி போகிறதே என்று நிம்மதியாக இருந்தோம். அது நன்றாகப் போனது இல்லையாம், நிரம்பிய குடம் வழிவதாம்.

கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல், வாந்தி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பை தொப்புள் வரை நிரம்பி நின்றது. வயிற்றைப் பார்த்துத் தொப்பை என்று நினைத்திருந்தோம். இரண்டு சிறுநீரகமும் வீங்கி, கிரியேட்டினின் 6க்கு மேல். மெதுமெதுவாக நிறைந்தால் வலிக்காது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். டியூப் போட்டுப் பல வாரம் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார், நல்லபடியாக இருக்கிறார். ஆனால் கிரியேட்டினின் 2.3க்குக் கீழே வரவே இல்லை. இளநீர்கூட நான் அளந்துதான் கொடுக்கிறேன், பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால்.

சூரணத்தை நான் திட்டவில்லை. அதைக் குடித்த எட்டு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஸ்கேன் எடுத்திருக்கலாம். அந்த நினைப்பு எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் எடுத்துவிட்டீர்கள். எடுத்த சீட்டை அலமாரியில் வைக்காதீர்கள்.

இயற்கையே_மருந்து | நவம்பர் 25, மாலை 6.45

மீனா அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. என் அப்பா ஏழு வருஷமாக நன்றாக இருக்கிறார் என்று எழுதினேன். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. இந்த வாரம் பார்த்துவிடுகிறோம். பூசணி விதையை நிறுத்தப் போவதில்லை, அது அவருக்குப் பிடித்த தின்பண்டம். ஆனால் மணிக்கட்டு உடைந்ததை நான் மறக்கவும் மாட்டேன். மாத்திரை எழுதுகிறவர்கள் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பேச வேண்டும்.

திருச்சி_பார்மசிஸ்ட் | நவம்பர் 25, இரவு 11.05

அந்த இரண்டு நிமிஷம் எங்கள் கடமையும்தான். ஒப்புக்கொள்கிறேன்.

செந்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு டாம்சுலோசின் பெரும்பாலும் சேரும். ஆனால் எந்தப் பிரஷர் மாத்திரை என்று டாக்டர் பார்க்க வேண்டும், அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சர்க்கரை கூடினாலும் இரவில் அடிக்கடி போகும், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஜன் ஔஷதிக் கடையில் கேட்டுப் பாருங்கள், அதே மருந்து பெயர் மாறிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

கோபி_செந்தில் | ஜனவரி 18, இரவு 8.20

தாமதமாக வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் லீவு போட்டு அப்பாவை மறுபடி அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தத் தடவை நானும் அம்மாவும் வெளியே உட்கார்ந்துகொண்டோம். பார்மசிஸ்ட் ஐயா எழுதியதைப் படித்த பிறகு தோன்றிய யோசனை. அரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "முதல்ல ஒரு மருந்து மட்டும் தர்றாராம், பார்க்கலாம்" என்றார். டாம்சுலோசின் மட்டும் தனியாக எழுதியிருந்தார். சுருக்கும் மருந்தைப் பற்றி ஆறு வாரம் கழித்துப் பேசுவோம், அதுவரை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வோம் என்றாராம். நீர்பெருக்கிக் கஷாயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மாலைக் காபியை ஐந்து மணிக்கு முன்னால் முடிக்கச் சொன்னார். பிரஷர் மாத்திரையின் வேளையை மாற்றினார்.

முதல் இரண்டு நாள் எழும்போது லேசாகச் சுற்றியது. கட்டிலில் உட்கார்ந்து எழச் சொல்லி அம்மா தலைமாட்டிலேயே காவல் இருந்தார். நாலாம் நாள் போன் செய்து, "ராத்திரி ரெண்டு தடவதான்" என்றார். இப்போதும் இரண்டு, சில நாள் மூன்று. போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். மிச்சம் 140 இருந்தது 65 ஆகியிருக்கிறது. புராஸ்டேட் அதே 58தான், இந்த மருந்து அதைக் குறைக்காது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சுருக்கும் மருந்து வேண்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு மாதம் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் உடம்பு, அவர் யோசிக்கட்டும். தேதி மட்டும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு ஊரில்தான் இருந்தேன். எங்கள் பக்கம் முதல் நாள் காப்புக் கட்டுவோம், சிறுபீளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கூரையில் செருகுவது. விடியற்காலையில் அப்பாவும் நானும் பள்ளத்துப் பக்கம் போய்ச் சிறுபீளை ஒடித்தோம். கஷாயத்துக்காகக் காயவைத்தது அட்டாலியில் ஒரு மூட்டை கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று அம்மா கேட்கிறார்.

குமரி_சித்த_மருத்துவர் | ஜனவரி 19, காலை 7.50

65 என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மூட்டையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி. ஈரம் படாமல் வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும். உங்கள் ஊரில் கல்லடைப்பு, நீர்க்கடுப்பு என்று யாராவது வந்தால், பக்கத்திலுள்ள அரசு சித்த மருத்துவப் பிரிவில் காட்டிக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். அப்பாவுக்கு வேண்டாம். அடுத்த ஸ்கேன் எப்போது?

கோபி_செந்தில் | ஜனவரி 19, காலை 8.15

ஏப்ரல் முதல் வாரம், டாக்டர். தானே பஸ் ஏறிப் போய் வருகிறாராம், நான் லீவு போட வேண்டாமாம்.